சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு வாய்

என் முகத்தை வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரே மனிதப் பிறவி, என் அக்காவின் பேத்தி. மற்றவர்களுக்கெல்லாம் என்னைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது என்று என் மனைவி சொல்வாள். அவளும் என்னோடு இருபது வருடத்துக்கு மேலாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வீடு தென்காசியில். சாரல் அடிக்கும் மாதங்களில் ரூம் இல்லை என்று சொல்வதும், மற்ற மாதங்களில் ரூம் இருக்கிறது என்று ரோட்டில் நின்று கெஞ்சுவதும் என் உத்தியோகம். அக்கா இறந்தபோது அவள் மகள் பள்ளிக்கூடம் முடித்திருக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்துதான் காலேஜ் போனாள், எங்கள் வீட்டிலிருந்துதான் கல்யாணமாகிப் போனாள். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. எந்த நாடு என்று எழுத வேண்டாம் என்று அங்கே அவர்கள் வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். குளிர்கிற நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி பிறந்தது அங்கேதான். இன்னும் மூன்று வயது முடியவில்லை.

அங்கே மத்தியானமாக இருக்கும்போது இங்கே சாயங்காலம். சரியாக அந்த நேரத்துக்கு வீடியோ கால் வரும். “மாமா, டூட்டிக்கு வாங்க” என்பாள் என் மருமகள், அந்த அக்கா மகள். என் டூட்டி, லாட்ஜின் சன்ஷேடில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளை அந்தப் பிள்ளைக்குக் காட்டுவது. பிள்ளை குரங்கைப் பார்த்து வாயைத் திறக்கும், மருமகள் ஒரு உருண்டையை உள்ளே வைப்பாள். குரங்குகள் வராத நாளில் நானே குரங்காவேன். பல்லை இளித்து, விலாவைச் சொறிந்து, தொண்டையின் அடியிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பேன். அசல் குரங்குகளே ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கின்றன.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் சாப்பிடுவதே அப்படித்தான். தாய் இடுப்பில் பிள்ளை, கையில் கிண்ணம், காலில் செருப்பு. நாய் பார், ஆடு பார், செங்கோட்டை பஸ் பார் என்று தெருமுனை வரை போய்வந்தால் ஒரு கிண்ணம் பருப்புச் சோறு காலி. ஒரே இடத்தில் உட்கார்ந்து, தானாக எடுத்து, சத்தமில்லாமல் ஒரு பிள்ளை சாப்பிட்டால் அதற்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. கம்பெனியோடு விசாவும் போயிற்று. நீட்டிக்க விண்ணப்பித்தார்கள். பதில் வருவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் குடியேற்றத் துறை ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையை ஒரு கட்டிடத்திலும், தாயையும் பிள்ளையையும் குடும்பங்களை வைக்கிற இன்னொரு கட்டிடத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள்.

வக்கீலம்மா எனக்காக ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். “அது ஜெயில் அல்ல” என்று முதல் நாளே சொன்னார்.

“யெஸ் மேடம்” என்றேன்.

“ஆனால் அவர்கள் வெளியே வர முடியாது.”

“யெஸ் மேடம்.”

பயம் வந்தால் எனக்கு ஆங்கிலத்தில் அந்த இரண்டு வார்த்தைகள்தான் மிஞ்சும். விடுவதற்குத் தேதி என்று ஒன்று கிடையாது என்று அவரே சொன்னார். ரூமைக் காலி செய்யும் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, அரைமணி நேரம் பிந்தினால் கதவைத் தட்டி அசிங்கப்படுத்துகிற தொழில் என்னுடையது. காலி செய்யும் நேரமே இல்லாத ஒரு விடுதி உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வீடியோ இல்லை. சுவரில் மாட்டிய போன். கொஞ்ச நிமிடம் பேசலாம், நடுவில் ஒரு பதிவுசெய்த குரல் வந்து எவ்வளவு நேரம் மிச்சம் என்று சொல்லும். முதல் அழைப்பில் மருமகள் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“மாமா, பிள்ள சாப்பிட மாட்டேங்கா.”

“ஏட்டி, எந்தப் பிள்ள சாப்பிட்டிருக்கு? எடுத்துட்டு வெளிய போய் நாலு பூன நாயக் காட்டு.”

“வெளிய கொண்டுபோக விடமாட்டாவ மாமா. பெரிய ஹால். பெஞ்சு தரையோட வச்சுப் பூட்டிருக்கு. அங்கன உக்காந்துதான் சாப்பிடணும். சாப்பாடு அந்தக் கதவத் தாண்டக் கூடாது. பிள்ளயத் தூக்கிட்டு ஜன்னல்கிட்ட போனாக்கூட உக்காருன்னு சொல்லுதாவ.”

“உக்காத்தி வச்சுக் குடு.”

“அவ என்னைக்கு உக்காந்திருக்கா? எறங்கி ஓடுதா. கதவுகிட்ட போய் நின்னுட்டு அழுதா. அதுக்குள்ள நேரம் முடிஞ்சுருது, தட்ட எடுத்துருதாவ. இருமலும் இருக்கு. நர்சம்மாகிட்ட காட்டுனா தண்ணி குடுன்னு சொல்லுதாவ.”

பதிவுசெய்த குரல் வந்தது. போன் வைக்கப்பட்டது. நான் லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் இதயம் ஒரு பழைய ஜெனரேட்டர் மாதிரி இழுத்து இழுத்து ஓடியது. எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர் கஸ்டமர் கேட்டு உள்ளே வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன சார், வேர்க்குது? ஒரு தேய்ப்பு போட்டா சரியாப் போயிரும்” என்றார். என்ன ஆனது என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “பிள்ளைக்கும் ஒரு தேய்ப்பு போட்டாச் சரியாப் போயிரும்” என்றார். அவரிடம் இருக்கிற மருந்து அது ஒன்றுதான். என்னிடம் அதுவும் இல்லை.

வழி கண்டுபிடித்தது மருமகள். அந்தச் சுவர் போன் இருப்பது சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, கதவை ஒட்டிய நடையில். ஒரு நாள் போனில் அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

“மாமா, ஸ்வெட்டர் பையில ரொட்டி வச்சிருக்கேன். பிள்ள காதுல போன வைக்கேன். நீங்க சத்தம் குடுங்க.”

“இப்பவா? இங்க கூட்டமா இருக்கு தாயி.”

“நேரம் போவுது மாமா.”

எனக்கு எதிரே ஒரு குடும்பம் ரூம் கேட்டு நின்றுகொண்டிருந்தது. மதுரைப் பக்கத்துக்காரர்கள். குடும்பத் தலைவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே குரங்கு மாதிரிக் கத்தினேன். கையை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மறுமுனையில் பிள்ளை மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு மருமகளின் குரல்: “வாங்கிட்டா மாமா. இன்னொன்னு.”

இன்னொன்று கொடுத்தேன். இரண்டு குரங்குகள் சண்டை போடுவது மாதிரி, குட்டி தாயைத் தேடுவது மாதிரி, தேங்காய்ச் சில்லைத் திருடிவிட்டு ஓடுவது மாதிரி. ஒரு சத்தத்துக்கு ஒரு வாய். போனை வைத்தபோது தொண்டை எரிந்தது. மதுரைக்காரர் மெதுவாக, “ரூம்ல ஜன்னல் சரியா மூடுமா?” என்று கேட்டார். அவர் மனைவி, “வேற லாட்ஜ் பாப்போங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில நாட்கள் இப்படியே நடந்தது. வழக்கு என்ன ஆனது, மாப்பிள்ளையைப் பார்த்தாயா என்று கேட்க ஒரு நிமிடம் கிடைக்காது. கிடைத்த நேரம் முழுவதும் நான் குரங்கு. வீட்டில் மனைவி கேட்பாள்: “புள்ள என்ன சொன்னா?”

“வாங்கிட்டான்னு சொன்னா.”

“கேஸப் பத்தி?”

“குரங்கு எங்கட்டி கேஸப் பத்திக் கேக்கும்?”

அவள் சிரிக்க மாட்டாள். ஆனால் அடுத்த நாள் என் பையில் தொண்டைக்குப் பனங்கற்கண்டு இருக்கும்.

பிறகு ஒரு அழைப்பின் நடுவில், நான் தேங்காய் திருடிக்கொண்டிருக்கும்போது, மறுமுனையில் இன்னொரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. கோபமான குரல்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கச் சொல்வது மாதிரி ஒரு குரல். மருமகள் ஏதோ சொன்னாள். பிள்ளை அலறியது. “மாமா, நான் பெறவு…” என்பதற்குள் போன் நின்றுவிட்டது.

மறுநாள் அழைப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வக்கீலம்மா விசாரித்துச் சொன்னார்: உணவைக் கூடத்துக்கு வெளியே கொண்டுவந்தது விதிமீறல். பெரிய விஷயமில்லை. ஆனால் கொஞ்ச நாளைக்குப் போன் கிடையாது. பிள்ளையின் எடை குறைந்திருக்கிறது, அவர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“கவனிக்கிறது என்றால் என்ன செய்வார்கள் மேடம்?” என்று கேட்டேன். யெஸ் மேடம் தவிர நான் பேசிய முதல் வாக்கியம் அது.

“எடை போடுவார்கள்” என்றார் அவர். அந்தம்மாவின் குரலிலும் ஒன்றும் மிச்சமில்லை.

அன்று சாயங்காலம் வரவேற்பறையில் உட்கார்ந்து நிமிர்ந்தபோது, நானே எழுதி மாட்டிய போர்டு கண்ணில் பட்டது. ‘வராண்டாவில் உணவு உண்ண அனுமதி இல்லை.’ குரங்குத் தொல்லைக்காக வைத்தது. அதே நேரம் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடும் கையில் டிபன் பாக்ஸோடும் வராண்டாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் நான் தொண்டையைக் கனைப்பேன். அவள் என்னைப் பார்த்ததும் டிபன் பாக்ஸை மூடினாள். “குடுங்கம்மா, குடுங்க” என்றேன். நான் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவள் பயந்துபோய் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போர்டைக் கழற்றலாம் என்று நினைத்தேன். முதலாளி ஏசுவார். கழற்றவில்லை.

எதையாவது செய்தாக வேண்டும் என்று தோன்றினால் என்னைப் போன்ற ஆட்கள் செய்கிற எல்லாவற்றையும் செய்தேன். தென்காசியில் குழந்தை டாக்டர் ஒருவரிடம் டோக்கன் போட்டேன். டோக்கன் கொடுக்கிற பெண், “பிள்ள எங்க சார்?” என்றாள்.

“பிள்ள வரல. நான்தான் வந்திருக்கேன்.”

“ஒங்களுக்கா பாக்கணும்?”

“பிள்ளைக்குத்தான். அது வெளிநாட்டுல இருக்கு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வயது என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். அழுகிற பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் நடுவில் ஐம்பத்தொரு வயதுப் பேஷண்டாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு குட்டிப் பயல் என் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பழக்க தோஷத்தில் பல்லை இளித்தேன். வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

டாக்டர் பொறுமைசாலி. முழுவதும் கேட்டார். பார்க்காத பிள்ளைக்கு மருந்து எழுத முடியாது என்றார். ஆனால் தாயிடம் கேட்க வேண்டியதைச் சொன்னார். அழும்போது கண்ணில் தண்ணீர் வருகிறதா? வாய் காய்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு எத்தனை தடவை போகிறது? எழுப்பினால் எழுந்திருக்கிறதா, துவண்டு சொங்கிப்போய்க் கிடக்கிறதா? மூச்சு விடும்போது விலா உள்ளே இழுக்கிறதா? “இதக் கேளுங்க. இதுல ஏதாச்சும் இருந்தா உடனே அங்க இருக்க டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.”

“எப்ப போன் வரும்னு தெரியாது டாக்டர்.”

அவர் மேஜை மணியைத் தட்டி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். வேறு என்ன செய்வார்?

வெளியே வந்ததும் மருந்துக்கடையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளை அள்ளி வாங்கினேன். கடல் தாண்டி எப்படிக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை. இரண்டு நாளில் பயத்தில் எனக்கே வயிற்றைக் கலக்கி, வீட்டுக்கும் கழிப்பறைக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, மனைவி அதில் ஒரு பாக்கெட்டைக் கரைத்து நீட்டினாள்.

“குடிங்க. யாருக்கோ வாங்கி யாரு குடிக்கீய பாத்தீயளா” என்றாள். அடுத்த வார்த்தைக்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. நான் முழு டம்ளரையும் குடித்தேன். பிள்ளைக்கு வாங்கியதைப் பிடுங்கிக் குடித்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் சிவகிரிப் பக்கம், வாறுகாலில் சாக்கடை அடைத்ததற்கு மனு கொடுக்க வந்தவர். “நீங்க எதுக்கு வந்திருக்கீய அண்ணாச்சி?” என்று கேட்டார். சொன்னேன். அவர், “நீங்க முன்ன போங்க” என்று இடம் விட்டார். மனுவைப் பதிவு செய்கிறவர் வழக்கம்போலக் குனிந்தபடியே, “எந்தத் தாலுகா?” என்றார். நாட்டின் பெயரைச் சொன்னேன். நிமிர்ந்தார். முழுவதும் படித்தார். “மேல அனுப்புதோம் சார். டெல்லி வரைக்கும் போகணும். எப்ப பதில் வரும்னு எனக்குச் சொல்லத் தெரியல” என்றார். நல்ல மனிதர். அவர் மேஜையில் இருந்த டீயை என் பக்கம் நகர்த்தினார். நான் குடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்ன குடித்தார் என்று தெரியாது.

மனைவி தினமும் காலையில் பெரிய கோயிலுக்குப் போனாள். நானும் ஒரு நாள் கூடப் போனேன். கோபுர வாசலில் காற்று வேட்டியைத் தூக்க, அதைப் பிடிப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டும் கெட்டு நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்றும் சரியாகத் தெரியவில்லை. விசா கொடு என்று கேட்கவா, விடுதலை கொடு என்று கேட்கவா? கடைசியில், ஒரு வாய் இறங்கினால் போதும் என்று கேட்டேன்.

போன் வந்தபோது நான் லாட்ஜில் தலையணை உறைகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன கேள்விகள் எல்லாம் மனப்பாடம். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தேன்.

“ஏட்டி, அழும்போது கண்ணுல தண்ணி வருதா?”

“மாமா…”

“ஒன்னுக்கு ஒழுங்காப் போறாளா? வாய் காஞ்சிருக்கா? விலா உள்ள இழுக்குதா?”

“இல்ல மாமா. இருமல் விட்டுட்டு. தண்ணி குடிக்கா. எல்லாம் சரியா இருக்கு.”

“சாப்பாடு?”

“சாப்பிடுதா மாமா.”

தலையணை உறைகளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். “யார் வேடிக்க காட்டுதா?”

“யாரும் காட்டல. அவளே சாப்பிடுதா. பெஞ்சுல ஏறி உக்காந்துக்கிடுதா. கைய மடியில வச்சுக்கிட்டு இருக்கா, தட்டு வந்ததும் எடுத்துச் சாப்பிடுதா. நான் ஊட்டப் போனா என் கையத் தள்ளி விடுதா. சாப்பிட்டு முடிச்சுட்டுத் தட்டக் கொண்டுபோய் வச்சுட்டு வாரா. அங்கன காவலுக்கு நிக்க அம்மா ‘குட் கேர்ள்’னு சொல்லுதாவ. எட கூடிருக்காம்.”

“நல்லதுதானட்டி” என்றேன்.

“நல்லதுதான் மாமா.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கிடைக்கிற நிமிடங்களை அப்படிச் செலவு செய்தது அதுவே முதல் தடவை.

“அழுதாளா?” என்று கேட்டேன்.

“அழல. அன்னைக்கு என்னய அந்த அம்மா கேள்வி கேட்டாவல்ல, அப்ப அழுததுதான். அதுக்குப் பெறவு அழல. ராத்திரி படுக்கைய நனைக்கா. நான் மாத்துறதுக்கு முன்ன எந்திச்சு மூலையில போய் நின்னுக்கிடுதா.”

“போன அவ காதுல வை.”

வைத்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது. வரவேற்பறையில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் கவலையில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, என் வாழ்நாளின் சிறந்த குரங்குச் சத்தத்தைக் கொடுத்தேன்.

மறுமுனையில் சிரிப்பு இல்லை.

“தாத்தா” என்றது பிள்ளை. ரகசியம் சொல்கிற குரல். “சத்தம் போடாத. அம்மாவ ஏசுவாங்க.”

நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன். பிறகு பதிவுசெய்த குரல் வந்து நேரம் முடிந்தது என்று சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்: “சாப்பிடுதாளாம். எட கூடிருக்காம்.” அவள் கண்ணை மூடித் தென்காசி முழுவதும் உள்ள சாமிகளைக் கும்பிட்டாள். உடனே அடுப்பில் பால் வைத்துப் பாயசத்துக்கு ஏற்பாடு செய்தாள். “பெறவு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீய? வேற என்னமும் சொன்னாளா?”

“ஒன்னும் சொல்லல” என்றேன். பாயசம் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

குழந்தை டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை டோக்கன் போடவில்லை, வாசலில் காருக்குப் போகும்போது பிடித்துக்கொண்டேன். “நல்ல செய்தி. பசி வந்துட்டுல்லா, இனி பயமில்ல” என்றார். மற்றதைச் சொல்ல வாயெடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொள்கிறது, தட்டைத் தானே கொண்டுபோய் வைக்கிறது, மூலையில் போய் நிற்கிறது. ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தால், நல்ல பிள்ளையைப் பற்றிப் பெருமை பேசுகிற மாதிரியே இருந்தது. அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். “ஒன்னுமில்ல டாக்டர்” என்றேன்.

வழக்கு இன்னும் தள்ளிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மனுவுக்குப் பதில் வரவில்லை. போன் வருகிறது. இப்போது வழக்கைப் பற்றிப் பேச வேண்டிய அளவுக்கு நேரம் இருக்கிறது, பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. கடைசியில் பிள்ளையின் காதில் போனை வைப்பாள். நான் குரலைத் தாழ்த்தி, “சாப்பிட்டியா?” என்று கேட்பேன். “சாப்பிட்டேன்” என்று அதைவிடத் தாழ்ந்த குரலில் சொல்லும். ரிசப்ஷனில் நின்றுகொண்டு யாருக்கும் கேட்காமல் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.